வண்ணத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள் தந்த படத்தை முதன்முறை பார்ப்பவர் கண் நேரே சிவப்புக்குத்தான் ஓடும். "இங்கேதான் உடையும்" என்று விரலும் நீளும். கொஞ்சம் பொறுங்கள். வண்ணத்தை அணைத்துவிட்டு அடியில் இருக்கும் மெஷ்ஷை, அதாவது பாகத்தை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்த வலையைப் பாருங்கள். செய்தவரின் கைத்திறன் அங்கேதான் இருக்கிறது.

பழக எளிய உதாரணம், நடுவில் சிறு வட்டத் துளையுள்ள அகன்ற தகடு. இரு பக்கமும் இழுத்தால் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898இலேயே பொறியாளர் கிர்ஷ் கணக்கிட்டுவிட்டார். தேர்ந்தவர் முழுத் தகட்டையும் வரையமாட்டார். சமச்சீர் இருப்பதால் கால் பங்கு போதும். துளையைச் சுற்றி எலிமென்ட்கள் நெருங்கி நின்று, தள்ளிப் போகப் போகப் பெரிதாகும். எலிமென்ட் அளவைப் பாதியாக்கிக் கணக்கை மறுபடி ஓட்டினாலும் விடை மூன்றை ஒட்டியே நிற்கும். அந்த நிலைத்தன்மைதான் அழகு.

இனி 'எல்' வடிவத் தாங்கியின் கூரான உள்மூலைக்கு வாருங்கள். மெஷ்ஷைப் பாதியாக்கினால் தகைவு ஏறும். மறுபடி பாதியாக்கினால் மறுபடி ஏறும். இதற்கு முடிவே கிடையாது. உண்மையான பாகத்தில் அங்கே சிறு வளைவு இருக்கும். மாடலில் அதை விட்டுவிட்டதால் வந்த சிவப்பு அது. விட்டது தெரிந்தா, தெரியாமலா என்று கேளுங்கள். தெரிந்து விட்டவர், அந்த மூலை எண்ணை வைத்து முடிவு சொல்லமாட்டார்.

மெல்லிய தகட்டுக்கு ஷெல் எலிமென்ட் எடுத்திருந்தால் ஒரு சபாஷ். ஒற்றை அடுக்கு நான்முகிகளால், அதுவும் மூலைகளில் மட்டும் நோடு (கணக்குப் புள்ளி) உள்ள எளிய நான்கு நோடு வகையால் நிரப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். தகடு உள்ளதைவிட விறைப்பாகத் தெரியும். திரையில் பாகம் வளைந்து தெரிவது பார்வைக்காகப் பெரிதாக்கப்பட்டது, அதற்குப் பயப்பட வேண்டாம். பாகத்தைத் தாங்கும் இடங்களின் எதிர்விசையைக் கூட்டினால் வைத்த சுமை வரவேண்டும். வராவிட்டால் படத்தை மூடிவிடலாம்.

இந்த ரசனை இல்லாததன் விலை நார்வேக்குத் தெரியும். 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாவாங்கர் அருகே கான்ஸ்ஃபியோர்டில், ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகத் தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டிருந்தார்கள். வட்ட அறைகள் மூன்று சந்திக்கும் முக்கோண இடுக்கின் சுவர் பிளந்தது. பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை, மொத்தமும் மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை, அதுவே பெரிய அதிர்ஷ்டம்.

அடித்தளத்தின் கணக்கு நாஸ்ட்ரான் என்னும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் செய்யப்பட்டது. மென்பொருள்மேல் பழியில்லை. அந்த இடுக்கில் எலிமென்ட்கள் பெரிதாக, கோணலாக இருந்தன. வெட்டுவிசை சுமார் 47 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டது; அதை நம்பிச் சுவரை மெல்லியதாக்கினார்கள். உள்ளே கம்பிகளும் போதிய நீளத்துக்கு நங்கூரமிடப்படவில்லை.

விபத்துக்குப் பிறகு கவனமாகச் செய்த கணக்கு, அச்சுவர் 62 மீட்டர் நீரழுத்தத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில்.