பெறுநர் யார்?

தொடர்பியல் பாடநூல் எதைத் திறந்தாலும் அதே சொற்கள்தான்: அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், இரைச்சல், பின்னூட்டம். நானும் மனப்பாடம் பண்ணித்தான் தேர்வு எழுதினேன். படத்துக்குக் கீழே ‘ஷானன் - வீவர்’ என்று போட்டால் மதிப்பெண் விழும்.

கிளாட் ஷானன் 1948இல் எழுதிய மூலக் கட்டுரையை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். அவருடைய முதல் படத்தில் பின்னூட்டமே கிடையாது. அதுகூடப் பரவாயில்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. எனக்கு உறுத்தியது வேறு. அவர் சொல்லும் ‘ரிசீவர்’ ஆள் இல்லை, கருவி. வந்த மின்குறிப்பைத் திரும்பச் செய்தியாக மாற்றும் கருவி. செய்தி யாருக்காகவோ அவருக்கு ‘சேருமிடம்’ என்று தனிப் பெட்டி வைத்திருக்கிறார். நம் நூல்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் ‘பெறுநர்’ என்று மனித உருவம் வரைந்துவிட்டன.

இதில் என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்கலாம். அம்மாவின் வங்கிக் கணக்கு முடங்கியது இந்த இடைவெளியில்தான். ஆவணங்களைப் புதுப்பிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. ஏதோ விளம்பரம்னு அம்மா விட்டுட்டாங்க. கெடு முடிந்து ஓய்வூதியம் எடுக்க முடியாமல் போனபோது கிளைக்குப் போனேன். “மெசேஜ் டெலிவர் ஆயிருக்கு சார்” என்று திரையைக் காட்டினார் அலுவலர். பொய்யில்லை. போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அம்மாவுக்குச் சேரவில்லை.

இதையும் ‘மொழி இரைச்சல்’ என்று பாடநூல் அடக்கிவிடும். ஆனால் ஷானனின் இரைச்சல் வழியில் குறிப்பைச் சிதைப்பது. இங்கே ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. பொருள் பற்றிய கேள்வி தன் பொறியியல் சிக்கலுக்குத் தேவையில்லை என்று அவரே தொடக்கத்தில் ஒதுக்கியும் வைத்தார். அதைப் படிக்காமல் அவர் தலையில் மனித உரையாடலை ஏற்றியது நம் ஆட்கள்தான்.

வாரன் வீவரையாவது ஒழுங்காகப் படித்திருக்கலாம். 1949இல் வெளிவந்த நூலில், கருவிக்கும் சேருமிடத்துக்கும் நடுவே பொருளைப் பிரித்தறியும் இன்னொரு பெட்டி வேண்டும் என்று அவர் யோசனை சொல்லியிருக்கிறார். அம்மா விஷயத்தில் காலியாகக் கிடந்தது அந்தப் பெட்டி. நான் புரட்டிய பாடநூல்கள் எதிலும் அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாங்க: “ஏன்டா, அதத் தமிழ்ல அனுப்பினா என்ன?”

கிளையில் அதை நான் கேட்கவே இல்லை.