ஓய்வறியாதவர் என்று எழுதாதீர்கள்

நம் பத்திரிகைகளில் ஒரு போராளிக்கு அஞ்சலி எழுதும்போது தவறாமல் ஒரு சொல் வந்து குந்திக்கொள்கிறது: ‘ஓய்வறியாத’. ஓய்வறியாத போராளி, ஓய்வறியாத உழைப்பாளி. இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை. காலங்காலமாக ஓய்வு மறுக்கப்பட்ட ஒரு சனத்தின் தலைவருக்கு, அந்த மறுப்பையே பட்டமாகச் சூட்டுவது யாருடைய மொழி? ‘நல்லா ஒழைப்பான், உக்காரவே மாட்டான்’ என்று பண்ணையாளைப் பற்றி ஆண்டை சொல்வதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டத்தை வாசிக்க வாசிக்க இந்தச் சண்டை முற்றிவிட்டது. 1972இல் மும்பைத் தோழர்கள் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அதை நம் வீட்டுச் சங்கதியாகத்தான் படித்துவருகிறோம். படித்ததெல்லாம் நடைப்பயணம், தடியடி, சிறை, துப்பாக்கிக் குண்டு. அவர்கள் எப்போது தூங்கினார்கள், யார் வீட்டில் தூங்கினார்கள் என்று நம்மில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஃபேனி லூ ஹேமரை எடுத்துக்கொள்வோம். 1917இல் மிசிசிப்பியில் பிறந்தவர். வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பஞ்செடுக்கப் போனார். 1961இல் ஒரு கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவரின் கருப்பையையே அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள். 1962 ஆகஸ்ட் 31 அன்று மற்றவர்களோடு பஸ் ஏறி இந்தியனோலாவுக்கு வாக்காளராகப் பதியப் போனார். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்லித் தோற்கடித்தார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸின் மஞ்சள் நிறம் ரொம்பத் தூக்கலாக இருக்கிறது என்று ஓட்டுநருக்கு அபராதம். (சிரிக்காதீர்கள், நடந்தது.) பெயரைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியே போ என்றான் பண்ணையார். 18 வருடம் உழைத்த பண்ணையை விட்டு அன்றிரவே வெளியேறினார். 1963 ஜூனில் வினோனா சிறையில் அடித்த அடியில் சிறுநீரகம் கெட்டது, ஒரு கண்ணும் பழுதானது. 1977இல் செத்தபோது வயது 59.

நோயிலும் களைப்பிலும் கிடந்து கிடந்து, அந்தக் களைப்பே தனக்குச் சலித்துப்போனதாக ஹேமர் சொன்ன வாக்கியம் அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பனியன்களிலும் அச்சடித்து விற்கிறார்கள். அதைப் போர்முழக்கமாகவே வாசிக்கிறார்கள். எனக்கு அது ஆஸ்பத்திரிச் சீட்டுபோலக் கேட்கிறது.

1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், சனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அவர் சாட்சியம் சொன்னார். டி.வி.யில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மறைக்க ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். இது எல்லோரும் எழுதுவது. அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். மிசிசிப்பிக் கோடை அந்த இளைஞர்களைச் சக்கையாகப் பிழிந்திருந்தது. கூட்டாளிகள் மூவரைக் கொன்று மண் அணையில் புதைத்திருந்தார்கள். மாநாட்டில் கடைசியில் இரண்டே இரண்டு இருக்கைகளை நீட்டினார்கள். வேண்டாம் என்று திரும்பினார்கள். அப்போது பாடகர் ஹாரி பெலஃபாண்டே அவர்களில் பதினோரு பேரை, ஹேமரும் ஜான் லூயிசும் உட்பட, மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக்கு அழைத்துப்போனார். மூன்று வாரம். எதற்கு? இளைப்பாற. கறுப்பர்களே வங்கி நடத்துவதையும் அரசு நடத்துவதையும் ஹேமர் அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார். நான் வாசித்த அஞ்சலிகளில் இந்த மூன்று வாரம் ஒரு வரியைத் தாண்டவில்லை. ஓய்வெடுத்த ஹேமரை என்ன செய்வதென்று நம் வீரக் கதையாடலுக்குத் தெரியவில்லை.

அதே வருடம் அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு நோபல் பரிசு என்று செய்தி வந்தபோது அவர் அட்லாண்டாவில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். களைப்பு. வயது 35. உளவியல் மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் அந்த 1964லேயே இயக்க இளைஞர்களின் சோர்வைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆக இது அப்போதே தெரிந்த விஷயம்தான்.

அவா டுவெர்னே இயக்கிய ‘செல்மா’ (2014) படத்தை இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். தொடக்கத்தில் ஆனி லீ கூப்பர் பதிவு அலுவலகத்தில் நிற்கிறார். அலபாமாவில் எத்தனை கவுண்டி நீதிபதிகள் என்று கேட்கிறான் அலுவலர். 67 என்கிறார். சரி, பெயர்களைச் சொல் என்கிறான். நம் தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு நின்றவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமானது. நிஜத்தில் செல்மாவின் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைதான் திறந்தது. வேலைநாளில் கூலியை விட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். நின்றதற்காக வேலையும் போகும். கூப்பருக்கு அப்படித்தான் போனது. டல்லாஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பர்கள் இருந்தும் பதிவானவர்கள் 300 சொச்சம்.

படத்தின் நல்ல இடங்கள் பாலத்தில் இல்லை. ராத்திரியில் தூக்கம் வராமல் மகாலியா ஜாக்சனுக்கு போன் போட்டுப் பாடச் சொல்லிக் கேட்கிற கிங். ரிச்சி ஜீன் ஜாக்சன் வீட்டுச் சமையலறையில் தின்றபடி ஒருவரையொருவர் கிண்டலடிக்கிற ஆண்கள். இயக்கம் அங்கேதான் மூச்சு வாங்குகிறது, டுவெர்னே அதைக் கண்டுகொண்டிருக்கிறார். ஆனால் அந்த அடுப்படியில் ரிச்சி ஜீன் எப்போது உட்கார்ந்தார்? படம் கேட்கவில்லை. 2011இல் அவரே அந்த வீட்டைப் பற்றித் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். 1965 மார்ச் 15 அன்று ஜான்சன் வாக்குரிமைச் சட்டம் வருகிறது என்று பேசியதை கிங் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் டி.வி.யில் பார்த்தார். அந்த நாற்காலியும் அதைப் போட்டுக்கொடுத்த பெண்ணும் வாக்குரிமை வரலாற்றுக்கு உள்ளே வர வேண்டாமா?

இப்போது எதிர்ப்பக்கத்து ஆபத்து. ஓய்வே எதிர்ப்பு என்ற பேச்சு அங்கே பரவியிருக்கிறது, இங்கேயும் வந்துவிட்டது. ஆட்ரி லோர்ட் தன்னைக் காத்துக்கொள்வதை அரசியலாகப் பார்த்து எழுதியது (1988இல் வெளிவந்தது) புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய நாட்களில். அந்த எழுத்தைக் கத்தரித்து வாசனை மெழுகுவத்தி விற்கிறார்கள். வாக்குச்சாவடி வரிசையை மறந்த ஓய்வு, வசதியுள்ளவன் ஓய்வு. அது யாருக்கும் புதிதாக வேண்டியதில்லை.

கிங் பெயரிலான விடுமுறையின் கதையும் கோணலாகப் போனது. மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போன இடத்தில்தான் அவரைச் சுட்டார்கள். அந்த வேலைநிறுத்தம் எப்படி வந்தது? 1968 பிப்ரவரி 1, மழை. ஒதுங்க வேறு இடமில்லாமல் குப்பை லாரிக்குள் ஒண்டிய இரண்டு தொழிலாளிகள் அதன் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். கொலை நடந்த நான்காம் நாளே கிங் பிறந்தநாளை விடுமுறையாக்க மசோதா கொண்டுவந்தார் ஜான் கானியர்ஸ். தொழிற்சங்கங்கள் அதைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாகக் கேட்டன. 15 வருடம் இழுத்து 1983இல் சட்டமானது. 1994இல் அதைத் தேசியச் சேவை நாளாக்கி, இது வேலைநாள், விடுப்பு நாள் அல்ல என்று முழக்கம் போட்டார்கள். சேவை கெட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் செத்தவர்களுக்காக நின்று உயிரைவிட்டவனின் பெயரில் ஒருநாள் கால்நீட்டுவது அவ்வளவு பெரிய குற்றமா?

சட்டத்தின் கதைக்கு வருகிறேன். 1965 ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் வந்ததும் மிசிசிப்பியில் கறுப்பர் வாக்காளர் பதிவு 6.7 சதவீதத்திலிருந்து 1967க்குள் 59.8க்கு ஏறியது. 2013இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் முதுகெலும்பை முறித்தது. தேர்தல் விதிகளை மாற்றப் பழைய இனவெறி மாநிலங்கள் முன்அனுமதி வாங்க வேண்டிய கட்டாயம் போயிற்று. அங்கே தேர்தல் செவ்வாய்க்கிழமை, 1845இல் போட்ட ஏற்பாடு. மத்திய அரசு விடுமுறைகூடக் கிடையாது. கூலிக்காரர் வேலை முடித்து வந்து நிற்கிறார். 2020 ஜூனில் ஜார்ஜியாவில் மணிக்கணக்காக நின்றார்கள். அந்த மணிநேரம் யாருடைய தூக்கத்திலிருந்து, யாருடைய பிள்ளைக்குச் சோறூட்டும் நேரத்திலிருந்து பிடுங்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி. வாக்குரிமைக்கு உழைப்பதும் ஓய்வுக்கு உழைப்பதும் அந்த வரிசையில் ஒரே வேலை.

பாலத்தில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ், ஜார்ஜியாவிலிருந்து 33 வருடம் நாடாளுமன்றம் போய், 2020 ஜூலையில் இறந்தார். அடுத்த மார்ச்சில் அதே ஜார்ஜியாவில் சட்டம் போட்டார்கள்: வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு யாரும் சோறோ தண்ணீரோ கொடுத்தால் குற்றம். அலுவலர்கள் விரும்பினால் தண்ணீரை ஓரிடத்தில் வைக்கலாம், அவரவரே எடுத்துக் குடித்துக்கொள்ளலாம், நீட்டுகிற கைதான் கூடாது. மகாட் குளத்துக்கு 1927இல் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.