கேட்பதும் கேளாது விடுவதும்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்த நன்னூலார், குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை அதனை அடுத்தும் வைத்தார். மென்பொருளைக் கணினியில் நிறுவுவதற்காகக் கட்டித் தரப்படும் பொதிகளுக்கும் இவ்விரு குற்றங்களும் உண்டு. ஒன்றும் கேளாமல் தன் போக்கில் அமைந்துகொள்ளும் பொதி குன்றக் கூறுவது. நிறுவுவோர் அறியாதவற்றையெல்லாம் கேட்டு மலைக்கவைப்பது மிகைபடக் கூறுவது.

இவற்றிற்கு நடுவழி கண்ட முயற்சிகளுள் 1993-இல் தொடங்கிய டெபியன் குறிப்பிடத்தக்கது. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும் அதன் வழிவந்ததே. டெபியனின் 'டெப்கான்ஃப்' என்னும் கருவி, பொதி கேட்கும் வினாக்களைத் தாழ்ந்தது, இடைப்பட்டது, உயர்ந்தது, இன்றியமையாதது என நான்கு தரமாகப் பிரிக்கிறது. இயல்பாக மேலிரு தரத்து வினாக்களே திரையில் தோன்றும். ஏனையவற்றிற்குப் பொதி கட்டியவர் வைத்த விடையே கொள்ளப்படும். விரும்புவோர் தர வரம்பைத் தாழ்த்தி, மறைந்திருக்கும் வினாக்களையும் காணலாம்.

இதனினும் பாராட்டத்தக்கது, பயனரின் கைப்பணியை அது மதிக்கும் முறை. அமைவுக் கோப்பு ஒன்றைப் பயனர் திருத்தியிருக்க, புதிய பதிப்பிலும் அக்கோப்பு மாறி வருமானால், எதனைக் கொள்வது என்று கேட்கும். வேண்டின் வேறுபாட்டைக் காட்டும். விடை கூறாது விசையை மட்டும் அழுத்தினால் பயனருடையதையே காக்கும்.

எனினும், குறை ஒன்று உண்டு. ஜுரு வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றில் இருபது கணினிகளுக்குத் தமிழ் உள்ளீடு வேண்டும் என்க. 'எம்17என்' தொகுதி தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி ஆகிய முறைகளை ஒருங்கே தருகிறது. மாணவர் முன் எம்முறை நிற்கவேண்டும் என்பதே ஆசிரியருக்கு முதல் வினா. வினாக்களுக்கு விடைகளை முன்னரே எழுதிவைத்து, பல கணினிகளிலும் ஒரே வகையாக நிறுவும் வசதி டெபியனில் இருக்கிறது. ஆனால், இவ்வினா டெப்கான்ஃபின் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு பயனர் கணக்கிலும் தனித்தனியே தேர்வதாகக் கிடக்கிறது. முன்விடைக் கோப்போ, வினாக்களின் உட்பெயர்களை அறிந்தவர்க்கே எழுதவரும். பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் விடை உரிய இடம் சேராது.

காரணம் வெளிப்படை. எவ்வினா உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தரம் இடுபவர் பொதி கட்டுபவர். அவருக்கு வட்டின் பகுப்பும் கடவுச்சொல்லும் பெரிதாகத் தோன்றும். விசைப்பலகையோ பழக்கத்தைப் பொறுத்த சிறு செய்தியாகிவிடும். வகுப்பறையிலோ அச்சிறு செய்தியே அன்றைய பாடத்தை நடத்தும், அன்றேல் நிறுத்தும்.

ஆதலின், தமிழ்ப் பள்ளிகளுக்கெனப் பொதி கட்டுவோர் வினாக்களுக்குத் தரமிடும் முன், அவற்றை ஆளப்போகும் ஆசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். அங்ஙனம் தெரிந்தெடுத்த வினா ஒன்றேயாயினும் போதும். குன்றலும் மிகையும் ஒருங்கே நீங்கும்.