பின்கட்டைக் காட்டி விற்பது

சின்ன வயசில் அப்பாவோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கப் போவேன். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். கடைக்காரர் எங்களைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு அடுப்பைக் காட்டுவார். பெரிய சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த பிறகு அப்பா விலை பேசியதே கிடையாது.

பெரிய குத்துச்சண்டைகளுக்கு முன்னால் அமெரிக்க சேனல்கள் ஒளிபரப்பும் 'திரைக்குப் பின்னால்' நிகழ்ச்சிகள் செய்வதும் இந்த வேலைதான். கொஞ்ச நாளாக அவற்றைத் தேடித்தேடிப் பார்க்கிறேன். பிடித்துத்தான் பார்க்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வகைக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது எச்.பி.ஓ.வின் '24/7'. 2007 ஏப்ரலில் தொடங்கியது. மே 5 அன்று லாஸ் வேகாஸில் ஆஸ்கர் டி லா ஹோயாவும் ஃப்ளாய்ட் மேவெதரும் மோத இருந்தார்கள். அதற்கு முன் நாலு எபிசோடு. லீவ் ஷ்ரைபரின் நிதானமான குரல், வீடு, ஜிம், விடிகாலை ஓட்டம்.

கதை தானாகவே அமைந்திருந்தது. மேவெதரின் அப்பாதான் அதுவரை டி லா ஹோயாவின் பயிற்சியாளர். சொந்த மகனுக்கு எதிராகப் பயிற்சி கொடுக்க அவர் கேட்ட சம்பளம் ஒத்துவரவில்லை. அவர் மகனின் ஜிம்முக்கு வந்து நிற்கிறார். அங்கே மகனுக்குப் பயிற்சி கொடுப்பது அவருடைய தம்பி ரோஜர். அண்ணன் தம்பிக்குள் ஆகாது. 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்குத் தெரியும், ரிங்குக்கு வெளியே நடக்கும் சண்டைதான் உள்ளே நடப்பதற்கு எடை கொடுக்கும். டி லா ஹோயாவையோ மேவெதரையோ அறியாதவர்கூட இந்தக் குடும்பத்துக்காக உட்கார்ந்து பார்ப்பார்.

பார்த்தார்கள், வாங்கவும் செய்தார்கள். தனிக்கட்டணம் கட்டிப் பார்க்கும் 'பே பெர் வியூ'வில் சுமார் 24 லட்சம் விற்பனை, அன்றைக்கு அது சாதனை. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். சண்டையை விற்றதும் எச்.பி.ஓ., அதைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்ததும் எச்.பி.ஓ. சண்டையை நடத்தியது டி லா ஹோயாவின் சொந்தக் கம்பெனி. கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்களில் இதில் லாபம் இல்லாதவர் யார்?

இந்தக் கேள்விக்கு இரண்டு சம்பவங்கள் பதில் சொல்கின்றன.

முதலாவது 2014. மேவெதர் அதற்குள் ஷோடைம் சேனலுக்கு மாறியிருந்தார். அங்கே நிகழ்ச்சியின் பெயரே 'ஆல் ஆக்சஸ்', அதாவது எல்லாக் கதவும் திறந்திருக்கு. அதில் அவருடைய ஜிம்மில் இருவர் ஓய்வே இல்லாமல் 31 நிமிடம் மோதுவதாகக் காட்டினார்கள். வீட்டில் பெண்கள் கஞ்சா புகைப்பதாக ஒரு காட்சியும் இருந்தது. நெவாடா விளையாட்டு ஆணையம் கூப்பிட்டு விசாரித்தது. மேவெதர் சொன்ன பதில்: இடையில் ஓய்வு கொடுத்தோம், கஞ்சா நிஜம் இல்லை. சண்டையை விற்பதற்காகச் செய்தது என்று ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது 2015, மேவெதரும் மானி பக்கியாவும். இரண்டு சேனலும் சேர்ந்து விற்றன, இரண்டும் தனித்தனியாக முன்னோட்ட நிகழ்ச்சி போட்டன. சுமார் 46 லட்சம் விற்பனை, எச்.டி.யில் பார்க்கக் கிட்டத்தட்ட 100 டாலர். பக்கியாவ் தோற்ற பிறகுதான் பயிற்சியிலேயே அவர் வலது தோளில் அடிபட்டிருந்த விஷயம் வெளியே வந்தது. சில நாளில் அறுவை சிகிச்சை. ஏமாந்த ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது: காசு கொடுத்த சண்டை கிடைத்தது, எதிர்பார்த்த விறுவிறுப்பு இல்லை என்பது சட்டப்படி நஷ்டம் ஆகாது.

முதல் சம்பவத்தில் நடக்காததைக் காட்டினார்கள். இரண்டாவதில் நடந்தது திரைக்கு வரவே இல்லை. ஒரு விளம்பரம் இப்படி இருப்பதில் ஆச்சரியமில்லை. என் குறை, விளம்பரத்துக்கு ஆவணப்படத்தின் சட்டையைப் போட்டுவிடுவதில்தான். 'பின்னால் வந்து பாருங்க' என்று கூப்பிட்டால், கண்ணால் பார்த்துவிட்டோம் என்று நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். தோள் யாருடையது, வலி யாருக்கு என்பதும் அதோடு மறந்துபோகுது.

2007-ன் நாலு எபிசோடையும் இப்போதும் சிபாரிசு செய்வேன். அந்த அப்பா-மகன் மனஸ்தாபம் கேமராவுக்காக உண்டானது இல்லை. ஆனால் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இதில் வராத ஆள் யார்? சம்பளம் வாங்காத டாக்டர், டிக்கெட் விற்காத நிருபர், இப்படி யாராவது பேசுகிறார்களா?

பால்கோவா கடைக்காரரும் வியாபாரிதான். ஆனால் காட்டிய அதே சட்டியிலிருந்துதான் எங்களுக்கு நிறுத்துக் கொடுத்தார்.