அண்ணன் விட்டுச்சென்ற இடைவெளி

பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு பையன். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். போன மாசம் எலெக்ட்ரிக் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அங்கிள், உங்க காலத்துப் பாட்டு ஒண்ணு கத்துக்கிட்டேன்" என்றான். ஏஸி/டிஸி குழுவின் ‘பேக் இன் பிளாக்’. வாசித்தான். ஈ, டி, ஏ. மூன்றே மூன்று கார்டு, கடைசியில் ஒரு சின்னச் சுழிப்பு. எதுவும் தப்பில்லை. ஆனாலும் பாட்டு வரவில்லை.

"என்னமோ குறையுதே அங்கிள்?" என்று அவனே கேட்டான்.

இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டபோது புரிந்தது. முதல் கார்டை அடித்துவிட்டு அடுத்ததற்கு அவசரப்படுகிறான். நடுவில் ஒரு மௌனம் இருக்கிறதே, அதை வாசிக்க மறந்துவிட்டான். அந்தப் பாட்டில் பாதி, கிடார் சும்மா இருக்கும் நேரம்தான். அதைச் சரியான அளவுக்குச் சும்மா விடுவதற்கு ஒரு ஆயுள் வேண்டும்.

நான் சொல்ல வந்தது இந்தக் குழு 2020 நவம்பரில் வெளியிட்ட ‘பவர் அப்’ ஆல்பத்தைப் பற்றி. "பழைய ஏஸி/டிஸி திரும்ப வந்துடுச்சு!" என்று உலகம் முழுக்க ஆரவாரம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் முதலிடம். அந்தச் சந்தடி அடங்கிச் சில வருஷம் ஆகிவிட்டதால், இப்போது நிதானமாகக் கேட்கலாம். பழைய சத்தம் திரும்ப வருவது என்றால் என்ன? யாரிடமிருந்து, எங்கிருந்து வருகிறது?

ராக் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1963-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து சிட்னிக்குக் குடிபெயர்ந்த தொழிலாளிக் குடும்பம், யங் குடும்பம். மூத்தவர்களில் ஒருவரான ஜார்ஜ், ‘ஈஸிபீட்ஸ்’ குழுவில் புகழ்பெற்றவர். அவருக்கு இளையவர்கள் மால்கம், ஆங்கஸ். இந்த இரண்டு தம்பிகளும் 1973-ல் ஆரம்பித்த குழுதான் ஏஸி/டிஸி. பெயர் கிடைத்தது அக்கா மார்கரெட்டின் தையல் மெஷினிலிருந்து. ஆங்கஸுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் யோசனையும் அக்காவுடையதுதான். அறுபத்தைந்து தாண்டியும் மனிதர் அதே அரை டிராயர், டை, தொப்பியோடு மேடையில் குதித்துக்கொண்டிருந்தார். அக்கா சொல்லைத் தட்டாத தம்பி.

உலகம் பார்த்தது ஆங்கஸை. குழுவை நடத்தியது பின்னால் ஸ்பீக்கர் ஓரமாக, ஜீன்ஸும் பனியனுமாக நின்ற அண்ணன் மால்கம். அவர் ரிதம் கிடார். தனி ஆவர்த்தனம் கிடையாது. ஒரு பழைய கிரெட்ஷ் கிடார், அதில் தடித்த கம்பிகள். ஹெவி மெட்டல்காரர்கள் பீச்சி அடிக்கும் டிஸ்டார்ஷனில் பாதிகூட இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு கார்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக விழுகிறது. ஆங்கஸ் முன்னால் தரையில் புரண்டு வாசிக்கும்போதும் தளம் ஆடாமல் பார்த்துக்கொண்டவர் இவர். கல்யாண வீட்டில் பந்தியில் நிற்காமல், சமையல்கட்டில் நின்றபடி எல்லாவற்றையும் கவனிக்கும் பெரியவர் இருப்பாரே, அவர் மாதிரி.

இந்தக் குழு மீது ஐம்பது வருஷமாக ஒரே குற்றச்சாட்டு: "ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடறாங்க." எனக்கு அது குற்றச்சாட்டாகவே படவில்லை. தோடியை ஐம்பது வருஷம் பாடினவரிடம் போய், "ஏன் சார், அதே தோடிதானா?" என்று யாராவது கேட்கிறோமா? இவர்கள் எடுத்துக்கொண்ட ராகம் ரொம்பச் சின்னது. நாலைந்து கார்டு, நாலுக்கு நாலு தாளம், ப்ளூஸ் ஸ்வரங்கள். அதற்குள் என்ன நுணுக்கம் காட்டுகிறாய் என்பதுதான் கேள்வி.

இனி, ‘பவர் அப்’புக்கு முன்னால் நடந்தவற்றைக் கேளுங்கள். 2014-ல் மால்கம் குழுவை விட்டு விலகினார். காரணம் டிமென்ஷியா. அறிகுறிகள் 2008-ல் ‘பிளாக் ஐஸ்’ வந்த சமயத்திலேயே தெரிய ஆரம்பித்துவிட்டன. அந்தச் சுற்றுப்பயணத்தில், தானே உருவாக்கி ஆயிரம் தடவை வாசித்த ரிஃப்களை அவர் மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் வீட்டு வாசலை நாமே விலாசம் கேட்டுக்கொண்டு தேடுவது.

அடுத்து டிரம்மர் ஃபில் ரட். நியூஸிலாந்தில் போலீஸ் வழக்கு, 2015-ல் வீட்டுக்காவல். 2016-ல் பாடகர் பிரையன் ஜான்சனிடம் டாக்டர்கள், "இனி மேடை ஏறினால் காது முழுசாகப் போய்விடும்" என்று சொல்லிவிட்டார்கள். மீதிக் கச்சேரிகளை ‘கன்ஸ் அண்ட் ரோஸஸ்’ ஆக்ஸல் ரோஸ் வந்து பாடிக்கொடுத்தார். அந்தச் சுற்றுப்பயணம் முடிந்ததும் பேஸ் கிடார் கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வு அறிவித்தார். 2017 அக்டோபரில் ஜார்ஜ் காலமானார். நாலு வாரத்துக்குள், நவம்பர் 18-ம் தேதி, மால்கமும். வயது 64.

ஒரு குழு முடிந்துபோவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அடுத்த வருஷமே, 2018-ல், கனடாவின் வான்கூவரில் ஒரு ஸ்டூடியோவில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பிரையன், ஃபில், கிளிஃப், ஆங்கஸ். மால்கம் இடத்தில் அண்ணன் மகன் ஸ்டீவி யங். அண்ணன் மகன் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். சித்தப்பா ஆங்கஸைவிட இரண்டு வயதுகூட இளையவர் இல்லை. 1988-ல் மால்கம் குடியிலிருந்து மீள்வதற்காக ஓய்வெடுத்தபோதும் இவர்தான் வந்து நின்றார். தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ’பிரையன்.

பாட்டுகள்? பன்னிரண்டும் ‘ஆங்கஸ் யங், மால்கம் யங்’ என்ற பெயரில்தான் வந்திருக்கின்றன. மரியாதைக்குப் போட்ட பெயரில்லை. அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்காக டேப்பில் பதிந்து பெட்டி பெட்டியாகச் சேர்த்துவைத்திருந்த யோசனைகளிலிருந்து, அண்ணன் போன பிறகு தம்பி எடுத்துக் கோத்தவை. பல ரிஃப்கள் ‘பிளாக் ஐஸ்’ காலத்தவை. ஆக, புது ஆல்பத்தில் கேட்கும் பழைய சத்தம், பழசைப் பார்த்துப் போட்ட நகல் இல்லை. பழசேதான். ஞாபகம் தேய்ந்துகொண்டிருந்த ஒருவர், தேய்வதற்குள் டேப்பில் போட்டுவைத்தது.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். சோலோ வாசிக்காத கிடாரை மட்டும் பின்தொடருங்கள். முதல் பாட்டு ‘ரியலைஸ்’ தொடங்கின சில விநாடிகளில் யார் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ‘ஷாட் இன் த டார்க்’கில் ரிஃப் நின்று நின்று போகிறது, அந்த நிறுத்தங்களில் ஃபில் ரட்டின் ஸ்நேர் ஒரு மயிரிழை தாமதித்து வந்து விழுகிறது. அந்தத் தாமதம்தான் தலையை ஆட்டவைக்கிறது. மெட்ரோனோம் வைத்து அடித்தால் வராது. ‘டீமன் ஃபயர்’ல் பிரையன் வழக்கமான கீச்சுக் குரலை விட்டுக் கீழ் ஸ்தாயியில் உறுமிவிட்டு மேலே ஏறுகிறார். காது போய்விடும் என்று சொல்லப்பட்ட எழுபது தாண்டின மனிதர்.

ஆல்பத்தின் நல்ல பாட்டு ‘த்ரூ த மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்’. இவர்கள் வழக்கமாகப் பக்கம் போகாத மெலடி. போன நாட்களைத் திரும்பிப் பார்க்கும் தொனி. இரங்கற்பா என்று எங்கும் சொல்லவில்லை. அதனாலேயே தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

இதே குழு 1980-ல் இன்னொரு சாவைக் கடந்தது ஞாபகமிருக்கலாம். பாடகர் பான் ஸ்காட் பிப்ரவரியில் இறந்தார். ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ வந்துவிட்டது. அட்டை முழுக்கக் கறுப்பு, தொடக்கத்தில் ஒரு மணியோசை, அப்புறம் துக்கம் முழுவதும் ரிஃப். பான் ஸ்காட்டுக்கு அது போல, மால்கமுக்கு இது என்று ஆங்கஸ் பேட்டிகளில் சொன்னார். நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டு சாவுக்கும் ஒரே பதில்: வேலையைப் பார்.

‘பழைய சத்தம்’ என்று கிளம்பி வழியில் தடுமாறினவர்களும் உண்டு. மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் ‘டெத் மேக்னெடிக்’. எண்பதுகளின் வேகம், நீளம், சிக்கல் எல்லாம் திரும்பியிருந்தன. பாட்டுகளாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் சி.டி-யில் சத்தத்தை ஏற்றுவதற்காக மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே நசுக்கிவிட்டார்கள். டிரம் அடி விழுந்த இடத்தில் கரகரவென்று உடைசல். ‘கிடார் ஹீரோ’ வீடியோ கேமுக்குக் கொடுத்த வடிவம் அப்படி நசுக்கப்படாததால், சி.டி-யைவிட அதுவே நன்றாக இருக்கிறது என்று ரசிகர்கள் சண்டைக்குப் போனார்கள். பழைய ஸ்வரங்களைக் கொண்டுவந்தவர்கள், அவை மூச்சுவிட்ட இடத்தை அடைத்துவிட்டார்கள். பக்கத்து ஃப்ளாட் பையன் செய்ததும் வேறு விதத்தில் அதுதான்.

‘பவர் அப்’பும் உரத்த ரெக்கார்டுதான். ஆனால் இரண்டு அடிகளுக்கு நடுவே காற்று போகிறது. அந்தக் காற்றைத்தான் நாம் பழைய சத்தம் என்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புகழ்ந்தது போதும். குறையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு பாட்டில் நாலு, இடத்தை நிரப்ப வந்தவை. பிற்பாதியில் ‘நோ மேன்ஸ் லேண்ட்’, ‘ஸிஸ்டம்ஸ் டவுன்’ வரும்போது கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகிறது. ‘மனி ஷாட்’ மாதிரி இரட்டை அர்த்த வரிகள் இருபத்தைந்து வயதில் விடலைத்தனம். எழுபதில் கொஞ்சம் சங்கடம். மால்கம் உயிரோடு இருந்திருந்தால் பெட்டியிலிருந்து எடுத்த சிலவற்றைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். வேண்டாததைக் கழிப்பது அவர் வேலை. தம்பிக்கு அண்ணன் வாசித்த எதையும் தூக்கிப்போட மனசு வரவில்லை போலும். விமர்சகனாக இது குறை என்று எழுதுகிறேன். தம்பியாகப் பிறந்தவன் என்ற முறையில் அடித்துவிடுகிறேன்.

வியாபாரத்தையும் விட்டுவைக்கவில்லை. விசேஷப் பதிப்பாக ஒரு பெட்டி போட்டார்கள். பட்டனை அழுத்தினால் குழுவின் பெயர் சிவப்பாக மின்னும், உள்ளே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ‘ஷாட் இன் த டார்க்’ ரிஃப் வரும், யு.எஸ்.பி வயர் சொருகி சார்ஜ் செய்துகொள்ளலாம். கொலு பொம்மை கெட்டது.

அப்புறம் என்ன ஆயிற்று? 2024-ல் இந்த ஆல்பத்தின் பெயரில் ஐரோப்பாவுக்குச் சுற்றுப்பயணம் போனபோது டிரம்ஸில் வேறு ஆள், மாட் லாக். பேஸில் வேறு ஆள், கிறிஸ் சேனி. சிதறிப்போனவர்கள் அந்தப் பழைய சத்தத்துக்காக ஒரு அறையில் கூடினார்கள், பதிந்தார்கள், மறுபடி சிதறிவிட்டார்கள். பழைய சத்தம் ‘திரும்ப வந்துவிட்டது’ என்பது, யோசித்தால், அதிகப்படியான வார்த்தை. நாற்பத்தொரு நிமிஷம் எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. அதுவே பெரிசு.

பையன் நேற்று மறுபடி வந்தான். ‘பேக் இன் பிளாக்’ வாசித்தான். இந்தத் தடவை முதல் கார்டை அடித்துவிட்டு, உள்ளங்கையால் கம்பியைப் பொத்திக்கொண்டு, காத்திருந்தான். ஒரு நொடிதான்.

"இப்ப வந்துச்சா அங்கிள்?"

வந்தது.