பனி பெய்யாத ஊரில் பனிக்காலக் காதல் கதைகள்

டிசம்பர் வந்தால் இங்கிலீஷ் புத்தக உலகத்தில் ஒரு தனிச் சரக்கு இறங்கும். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட கிறிஸ்மஸ் விடுமுறைக் காதல் சிறுகதைகள். அட்டையில் பனி, உள்ளே பனி, கடைசிப் பக்கத்தில் ஒரு முத்தம். வெள்ளானூரில் உட்கார்ந்து இதையெல்லாம் படிப்பது கொஞ்சம் வேடிக்கைதான். இங்கே மார்கழி அதிகாலையின் குளிரே 20 டிகிரி சொச்சம். அதற்கே ஆவடி ரோட்டில் மஃப்ளர் கட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம். இருந்தாலும் இந்த மாசம் இரண்டு தொகுப்புகளை அடுத்தடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி பெருசாகிக்கொண்டே போனது: இந்தக் கதைகளில் பனிக்கு என்ன வேலை?

முதல் தொகுப்பு 2008இல் வந்த ‘லெட் இட் ஸ்நோ’. மாரீன் ஜான்சன், ஜான் கிரீன், லாரன் மிராக்கிள் மூன்று பேரும் ஆளுக்கொரு கதை எழுதி, மூன்றையும் ஒரே ஊரில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். 2019இல் நெட்ஃபிளிக்ஸ் படமாகவும் வந்தது. முதல் கதையில் ஜூபிலி என்ற பெண்ணின் அப்பா அம்மா, பீங்கான் கிறிஸ்மஸ் பொம்மைகள் வாங்கப் போன இடத்தில் நடந்த தள்ளுமுள்ளில் கைதாகிவிடுகிறார்கள். அவள் தாத்தா பாட்டி வீட்டுக்கு ரயிலேறுகிறாள். பனியில் ரயில் நின்றுவிடுகிறது. எதிரே வெளிச்சமாகத் தெரிகிற ஒரு வாஃபிள் கடைக்கு நடக்கிறாள். அங்கே ஒரு பையன். அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தெரிந்தும் ஏன் படிக்கிறோம்? இங்கேதான் பனியின் வேலை இருக்கிறது. பனி பெய்தால் ரயில் நிற்கும், ரோடு அடைபடும், பெரியவர்கள் வந்து சேர முடியாது. சாதாரண நாளில் ஒரு பதினாறு வயசுப் பெண் முன்பின் தெரியாத பையன் வீட்டில் ராத் தங்க முடியுமா? பனி பெய்தால் முடியும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதாவது பனி என்பது குளிர் இல்லை, அனுமதி. அதோடு ஒரு கெடுவும் சேர்ந்தே வருகிறது. பனி உருகினால், லீவு முடிந்தால், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் சொல்ல வேண்டியதை இன்றைக்கே சொல்லியாக வேண்டும். இந்த இரண்டும் கிடைத்தால் பாதிக் கதை தானாக நடந்துவிடும்.

இரண்டாவது தொகுப்பு, ஸ்டெஃபனி பெர்கின்ஸ் தொகுத்த ‘மை ட்ரூ லவ் கேவ் டு மீ’. 2014இல் வந்தது, பன்னிரண்டு பேர் எழுதிய பன்னிரண்டு கதைகள். முதல் கதை ரெயின்போ ரோவெல் எழுதிய ‘மிட்நைட்ஸ்’. மேக்ஸ் என்ற பெண், நோயல் என்ற பையன். வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி மட்டும்தான் கதையில் வருகிறது. நோயலுக்கு நட்ஸ் மாதிரி பல சாப்பாட்டு ஐட்டங்கள் ஒத்துக்காது. எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று மேக்ஸ்தான் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் கவனிப்புதான் காதல் என்று கதை எங்கேயும் விளக்குவதில்லை. இதில் பனி தேவைப்படவே இல்லை என்பதைக் கவனியுங்க. நள்ளிரவு என்கிற கெடு ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். இந்த வகைக் கதைகளில் பெரும்பாலானவற்றில் பனியால் யாருக்கும் உண்மையான கஷ்டம் வராது. கரண்ட் இருக்கும், சூடான சாக்லேட் இருக்கும், ஒதுங்க ஒரு வீடு இருக்கும். பனியை நம்ம ஊர் மழையாக மாற்றிப் பாருங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது புறநகர் ரயில் நின்றது, ஸ்கூலுக்கு லீவு விட்டார்கள். கணக்குப்படி அதே கதைக்களம்தான். ஆனால் வீட்டுக்குள் தண்ணி வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது லீவா?

இந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரு கதை தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. மாட் டெ லா பென்யா எழுதிய ‘ஏஞ்சல்ஸ் இன் தி ஸ்நோ’. காலேஜில் படிக்கிற ஷை, கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகாமல், நியூயார்க்கில் இன்னொருத்தர் வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொள்கிறான். வெளியே பனி. கையில் காசில்லை, வயிற்றில் பசி. அதே பில்டிங்கில் இருக்கிற வசதியான பெண்ணிடம் பசியை மறைக்கிறான். மற்ற கதைகளில் பனி ஜோடி சேர்க்கிறது; இதில் யாரிடம் என்ன இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. தொகுப்பின் சிறந்த கதை இதுதான் என்பது என் கட்சி.

நம்ம பழைய இலக்கியத்துக்கு இது புதுசில்லை. நக்கீரரின் நெடுநல்வாடையில் ஒரே வாடைக்காற்றில் கோவலர்கள் நெருப்பில் கை காய்ச்சுகிறார்கள், அரண்மனையில் அரசி தூங்காமல் கிடக்கிறாள், பாசறையில் அரசன் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து நடக்கிறான். குளிர் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் வேறுவேறாக விழுகிறது.

இன்னொன்றும் சொல்லணும். குளிரும் காதலும் சேர்வது கிறிஸ்மஸ் கதைக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. புணர்தலுக்குரிய குறிஞ்சித் திணைக்குத் தொல்காப்பியம் ஒதுக்கிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். முன்பனி என்றால் மார்கழி, தை. காதலர் சந்திக்க இரவுக்குறி, ஊர் பேசினால் அலர், வீட்டில் அடைத்தால் இற்செறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த மொழி இது. அனுமதி எங்கே கிடைக்கும், எங்கே பறிபோகும் என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்.

இன்றைய புறநகரிலும் சரக்குக்குக் குறைவில்லை. மற்ற மாசத்தில் விடியற்காலை அஞ்சு மணிக்குத் தெருவில் நிற்கிற பெண்ணை நாலு பேர் விசாரிப்பார்கள். மார்கழியில் கோலப்பொடி டப்பா கையில் இருந்தால் யாரும் கேட்பதில்லை. ஆண்டாளின் திருப்பாவையே தோழிகளை எழுப்பிக் கூட்டிப் போகிற பாட்டுதானே. சர்ச் பக்கம் போனால் கேரல் ரவுண்ட்ஸ். கீபோர்டு, கிடார், ஒரு கிறிஸ்மஸ் தாத்தாவோடு பையன்களும் பெண்களும் வீடு வீடாக ராத்திரி சுற்றுகிற ஒரே காலம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு ஊரே முழித்திருக்கும். ‘மிட்நைட்ஸ்’ கதையை அங்கே அப்படியே நடத்தலாம். பின்னாடியே அரையாண்டு லீவு முடிகிற தேதி நிற்கிறது. கெடுவும் ரெடி.

அப்புறம் ஏன் இந்தக் கதை தமிழில் பெருசாக எழுதப்படவில்லை? பத்திரிகைகளையும் நாவல்களையும் வரிசையாக வைத்துப் பாருங்க. அம்புலிமாமா, கோகுலம் வரை குழந்தை. அதைத் தாண்டினால் நேரே ரமணிசந்திரன். அங்கே கதை கல்யாணத்தைச் சுற்றியே நடக்கும். நடுவில் இருக்கிற பதினேழு வயசுக்கு ஷெல்ஃபில் இடம் மெலிசு. சினிமா அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் அதன் கணக்கு வேறே. 2004இல் வந்த ‘காதல்’ படத்தில் ஸ்கூல் படிக்கிற பெண்ணின் காதல் சாதி வெறியில் சிதைகிறது. 2018இல் வந்த ‘96’ படத்தில் ஸ்கூல் காதல் இருபத்திரண்டு வருஷம் ஆறாத காயமாக நிற்கிறது. இரண்டும் நல்ல படங்கள், ‘காதல்’ காட்டியது பொய்யும் இல்லை. ஆனால் இரண்டிலும் அந்த வயசுக் காதல் ஒரு ஆயுள் தீர்ப்பு.

விடுமுறைக் கதை தீர்ப்புச் சொல்லாது. ஜனவரியில் அந்த ஜோடி பிரிந்துவிட்டதா என்று அதற்குக் கவலையில்லை. ஒருத்தி ஒருத்தனிடம் நாலு வார்த்தை தைரியமாகப் பேசினாள், அவன் ஒழுங்காகக் கேட்டான், கதை முடிந்தது. இலக்கியமாக இது சின்ன விஷயம்தான். ஆனால் பிடித்திருப்பதைச் சொல்வதும், ‘வேண்டாம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவதும் சாதாரணமான காரியங்கள் என்று ஒரு பையன் எங்கேயாவது படித்திருக்க வேண்டும். ஒரு பெண்ணும்தான். நம்ம பக்கம் ‘வேண்டாம்’ என்று சொன்ன பெண்களுக்கு என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

படிக்க நினைக்கிறவர்கள் ‘மிட்நைட்ஸ்’, ‘ஏஞ்சல்ஸ் இன் தி ஸ்நோ’ இரண்டையும் முதலில் படியுங்க. ‘லெட் இட் ஸ்நோ’வில் முதல் கதை மட்டும் போதும். எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். பனியெல்லாம் வேண்டாம். பட்டாபிராம் பக்கம் ஒரு கேரல் ரவுண்ட்ஸ், கீபோர்டு தூக்குகிற ஒரு பையன், லிஸ்டைப் பார்த்து அடுத்த வீடு எது என்று சொல்கிற ஒரு பெண். இன்னும் பதினோரு வீடு பாக்கி. அவர்களில் ஒருத்தர் சாகாமல், ஒருத்தருக்கும் தாலி கட்டாமல் கதையை முடித்துக் கொடுங்க.