பழுதுபார்ப்பதா, உருமாற்றுவதா?

உங்கள் வீட்டுப் பரண்மேல் 1990களில் வாங்கிய ‘பிரிக் கேம்’ ஒன்று கிடக்கக்கூடும். மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கி வரிசையை நிரப்பும் அந்தச் சிறு கருவியை அந்நாளில் பொருட்காட்சிக் கடைகளிலும் சென்னை பர்மா பஜாரிலும் வாங்கியோர் பலர். வெளிநாட்டில் உறவினர் இருந்த சில வீடுகளில் ஜப்பானிய ‘கேம் பாய்’ கருவியும் இருந்தது. இன்று இத்தகைய பழைய கருவிகளைத் தேடியெடுத்துப் பழுதுபார்ப்பதும், புதுத் திரையும் புதுக் கூடும் பொருத்தி உருமாற்றுவதும் உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளன. இவ்விரு செயல்களையும் ஒன்றாகவே எண்ணிப் பலரும் பாராட்டுகின்றனர். அவை ஒன்றல்ல. பழுதுபார்த்தல் ஒரு கல்வி. உருமாற்றமோ பல சமயங்களில் வெறும் கொள்முதல். இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பராமரிப்பாளர் படைத்த கருவி

கேம் பாயின் பின்னணியில் நிற்பவர் குன்பேய் யோகோய். 1965இல் அவர் நின்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தபோது, விளையாட்டுச் சீட்டுகளைத் தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதே அவருடைய வேலை. ‘புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் தேடி ஓடாதே, நன்கு பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்துக்குப் புதிய பயனைக் கண்டுபிடி’ என்பது அவர் கொள்கையின் சாரம். கணிப்பான்களால் மலிவாகிவிட்ட திரவப் படிகத் திரையைக் கொண்டு 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் கருவியை உருவாக்கினார். அவருடைய குழுவினர் உழைப்பில் 1989 ஏப்ரல் 21ஆம் நாள் கேம் பாய் வெளிவந்தது.

அதன் உறுப்புகள் எளியவை. 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள நுண்செயலி, 8 கிலோபைட் நினைவகம், 160க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை, நான்கே சாயல்கள். வண்ணமில்லை, திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. மறு ஆண்டே சேகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ வண்ணத்துடனும் விளக்குடனும் வந்தது. ஆனால் அதன் ஆறு மின்கலங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. கேம் பாயோ நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. கேம் கியரின் மின்தேக்கிகளும் காலப்போக்கில் கசிந்து கருவியைச் செயலற்றதாக்குகின்றன. எனவே எளிமை என்பது ஏழ்மையன்று. நீடித்து உழைப்பதற்கான வழி.

பிரிக் கேமை இவ்வாறே பாராட்ட முடியாது. அதன் சில்லு, சுற்றுப் பலகைமேல் ஒரு கரும்பிசின் துளிக்கு அடியில் புதைந்திருக்கும். அது கெட்டால் மாற்ற வழியில்லை. எனினும் பெரும்பாலும் கெடுவது சில்லு அன்று, அதைச் சுற்றியுள்ளவையே. திரையையும் பலகையையும் இணைப்பது, வரிக்குதிரையின் உடல்போலக் கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறிமாறி அமைந்த ஒரு ரப்பர்ப் பட்டை. அது சற்று நகர்ந்தாலே திரையில் கட்டங்கள் மறையும். துடைத்து, நேராக வைத்து, திருகுகளை ஒரே சீராக முடுக்கினால் கட்டங்கள் மீண்டும் தோன்றும்.

உப்புக் காற்றின் பாடம்

வடசென்னைக் கடலோரத்தில், எண்ணூர் முதல் மீஞ்சூர் வரை வாழும் வாசகர்களுக்கு ஒரு தனிச் சொல். உங்கள் பகுதியில் மின்னணுக் கருவிகளுக்கு முதல் பகை உப்பும் ஈரமும். பயன்படுத்தாத கருவியில் விட்டுவைத்த மின்கலம் கசிவதும், இரும்புத் தொடுமுனைகள் துருப்பிடிப்பதும் எங்கும் நடப்பவை. உப்புக் காற்றில் அவை விரைவாக நடக்கும்.

‘கசிவா? வினிகரால் துடை’ என்று பல வழிகாட்டிகள் பொதுப்படச் சொல்கின்றன. இது அரைகுறை அறிவுரை. காரமின்கலத்திலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் என்னும் வெண்பொடியாகிறது. இது காரம், ஆகவே வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு இதனை நடுநிலைப்படுத்தும். ஆனால் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் விற்கும் மலிவான துத்தநாக–கரி மின்கலத்தில் கசிவது துத்தநாகக் குளோரைடு கலந்த அமிலத்தன்மையுள்ள குழம்பு. அமிலத்தின்மேல் அமிலம் ஊற்றிப் பயனென்ன? அதற்கு ஆப்ப சோடாக் கரைசலே ஏற்றது. ஐயமிருந்தால் பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் தாளை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். சிவப்புத் தாள் நீலமானால் காரம். நீலத் தாள் சிவப்பானால் அமிலம்.

பிறகு கழுவ வேண்டும். இங்கும் ஊரறிவு தேவை. கடல்நீர் உட்புகுந்ததால் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீர் உவர்ப்பானது என்பதை அறிவீர்கள். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் இயங்கத் தொடங்கியது. அந்தக் கிணற்று நீரில் சுற்றுப் பலகையைக் கழுவினால், நீர் உலர்ந்தபின் உப்பு தங்கிவிடும்; ஓராண்டில் மீண்டும் அரிப்புத் தொடங்கும். வாகன மின்கலத்துக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரும், இறுதியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் கொண்டு கழுவுவதே முறை. பாருங்கள்: ஒரு பொம்மையின் துருப்பிடித்த கம்பிச் சுருள் அமிலம், காரம், அரிப்பு, நிலத்தடி நீர் ஆகிய நான்கு பாடங்களுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

உருமாற்றத்தின் நிறையும் குறையும்

உருமாற்றம் முழுவதையும் பழிப்பது நேர்மையாகாது. கேம் பாயின் மங்கலான திரை ஒரு குறையே. மாலை வெளிச்சத்தில் கண்ணை வருத்தும். இதற்கு ஆர்வலர்கள் கண்ட தொடக்ககால வழி அழகானது. திரையின் பின்புறமுள்ள ஒளி திருப்பும் படலத்தை உரித்து, அங்கே ஒளியுமிழ் டையோடு விளக்கை வைத்தனர். ஒளி வந்தது, ஆனால் படம் வெளிறியது. உடனே ஒளிமுனைவாக்கித் தகட்டை 90 பாகை திருப்பினர். இப்போது கருமை வெண்மையாகவும், வெண்மை கருமையாகவும் தலைகீழாயின. அதை நேராக்க, திரைக்குச் செல்லும் சைகைகளைத் தலைகீழாக்கும் ஒரு சிறு சில்லை இடையில் பற்றவைத்தனர். படம் நேரானது, முன்னைவிடத் தெளிவும் கூடியது. ஒளியியலும் இலக்கச் சுற்றும் கைகோத்த இந்த வேலையைச் செய்து முடித்தவர் ஏதோ ஒன்றைக் கற்றே தீருவார்.

இன்று பெருகியுள்ள வழி வேறு. ஐபிஎஸ் வகைத் திரை, அதற்கான பலகை, ஒளிபுகும் வண்ணக் கூடு, பொத்தான்கள் யாவும் ஒரே தொகுப்பாக விற்பனைக்கு வருகின்றன. வாங்கியவர் திருகுகளைக் கழற்றி மாட்டினால் போதும். படம் பளிச்சென்று தெரிகிறது, உண்மைதான். ஆனால் புதிய திரை கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்கலம் விரைவில் தீர்கிறது. சில தொகுப்புகளுக்காகப் பழைய கூட்டின் உட்புறத்தை வெட்டியெறியவும் வேண்டும். நன்கு இயங்கும் பழைய திரை குப்பைக்குப் போகிறது. சில கோடுகள் மட்டும் மறைந்த திரையாக இருந்தாலும், இணைப்புப் பட்டையின்மேல் பற்றவைப்புக் கோலின் இளஞ்சூட்டைப் பொறுமையாகச் செலுத்திப் பல வேளைகளில் மீட்டிருக்கலாம். யோகோய் கட்டிக்காத்த சிக்கனத்தை விலை கொடுத்து நீக்கிவிட்டு, அதைப் பழமைக்குச் செய்யும் மரியாதை என்று அழைப்பது பொருந்துமா?

ஆகவே எந்த மாற்றத்தையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம். வேண்டாமெனில் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? கருவியின் ஆயுள் கூடுகிறதா? செய்தவர் அதன் காரணத்தை இன்னொருவருக்குத் தமிழில் விளக்க முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது நல்ல வேலை. மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அது கடையில் வாங்கிய பெருமை மட்டுமே.

மூன்றாவது கேள்வியையே முக்கியமாகக் கருதுகிறேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையமும், துறைமுகங்களும், தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி இது. இங்கெல்லாம் உப்புக் காற்றோடு போராடி இயந்திரங்களை ஓடவைப்பவர்கள் பராமரிப்புத் தொழிலாளர்கள். பழுது எங்கே என்று படிப்படியாகத் தேடி, காரணத்தைக் கண்டு, தேவையான உறுப்பை மட்டும் மாற்றும் அவர்களுடைய ஒழுங்கை ஒரு மாணவன் பழகுவதற்குப் பழைய விளையாட்டுக் கருவி மலிவான கூடம். முழுப் பாகத்தையும் மாற்றிவிடும் பழக்கம் அந்தக் கூடத்தை மூடிவிடும்.

1–4–2023 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் பட்டியலில் கையடக்க விளையாட்டுக் கருவிகளும் இடம்பெற்றுள்ளன. அப்பட்டியலுக்கு அவற்றை அனுப்பும் நாளைத் தள்ளிப்போடுவது நம் கையில் இருக்கிறது.

பரணிலிருந்து கருவியை இறக்குங்கள். முதலில் மின்கலங்களை அகற்றுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், பெரியவர் ஒருவர் துணையுடன் பற்றவைப்பைத் தொடங்குங்கள், ஆட்டத்தைச் சேமிக்கும் பேழையிலுள்ள காசு வடிவ லித்தியம் மின்கலத்தின்மேல் மட்டும் நேரடியாகச் சூடு வைக்காதீர்கள், அது வெடிக்கக்கூடும். கழற்றிய ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் பணியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். புதிய பாகம் வாங்கும் எண்ணம் அதன் பிறகு வரட்டும்.